ஆணி அடித்த யன்னல்

மழை பெய்தாலும் அது தன் பிழை என்று சொல்லும் ஒரு மனுசியிடம் நான் பலெர்மோவில் ஆறு வருடம் வேலை செய்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை. காயப்போட்ட துணி நனைந்தால் "கொல்பா மியா" என்பார். என்ர பிழை. காலையில் வானத்தைப் பார்த்திருக்க வேண்டுமாம். பஸ் பிந்தினாலும் கொல்பா மியாதான், ஐந்து நிமிடம் முந்தி வெளிக்கிட்டிருந்தால் முந்தைய பஸ்ஸைப் பிடித்திருக்கலாமாம். கபோ சந்தையில் மீன்காரன் பழுதான மீனைத் தலையில் கட்டிவிட்ட ஒருநாள், "நான் அவன்ர முகத்தைப் பாத்து வாங்கினனான், மீன்ர கண்ணைப் பாக்கேல்லை, கொல்பா மியா" என்று சொல்லி அந்த மீனைப் பூனைகளுக்குப் போட்டார். பூனைகளும் அதைத் தின்னவில்லை. அதற்கும் அவர் பூனைகளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சின்யோரா என்றுதான் நான் அவரைக் கூப்பிட்டேன். பெயர் தெரியும். இந்தக் கதையோடு சேர்த்து அதை எழுதக் கை வரவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மெலிந்த மனுசி, பிள்ளைகள் இல்லை, புருசன் செத்துப் பல வருடம். வீடு நாலாம் மாடியில், லிப்ட் கிடையாது. மரக்கறிப் பையோடு ஏறி வந்து நான் மூச்சு வாங்கினால், உயரத்தில் வீடு வாங்கிய குற்றத்துக்காக என்னிடம் வருத்தம் தெரிவிப்பார். அவர் கதைத்தது இத்தாலியன். நான் அதை என் யாழ்ப்பாணத் தமிழில்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் என் காதுக்குள் இத்தனை காலமும் அது அப்படித்தான் கிடக்கிறது.

அப்படி ஒருவரிடம் வேலை கிடைத்தால் மனிதன் என்ன ஆவான்? கெட்டுப்போவான். நான் கெட்டுப்போனேன்.

எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். ஒருநாள் வருகிறதா என்று பைப்பைத் திறந்து பார்த்துவிட்டு, பூட்டாமல் என் அறைக்குப் போய்விட்டேன். விடியக்காலையில் தண்ணீர் வந்து, தொட்டி நிரம்பி, குசினி முழுக்க ஓடி, மூன்றாம் மாடிக்காரரின் சாப்பாட்டு மேசையில் மழையாகக் கொட்டியிருக்கிறது. நான் வேலைக்கு வந்தபோது அந்த மனிசர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முதல் சின்யோரா சொன்னார்: "கொல்பா மியா. பைப்பைத் திறந்து பார் எண்டு சொன்னதே நான்தான்." அதில் ஒரு துளி பொய்யும் இல்லை, சொன்னது அவர்தான். ஆனால் திறந்து விட்டது யார்? பின்னேரம் அவர் ஒரு தட்டில் பாதாம் இனிப்பு அடுக்கி, சமாதானத்துக்கு மூன்றாம் மாடிக்கு அனுப்பினார். தட்டைக் காவிக்கொண்டு போனது நான். அந்த மனிசர் மனம் இளகி எனக்கும் ஒன்று தந்தார். வாங்கித் தின்றேன்.

குவெஸ்தூராவிலும், அதுதான் எங்களுக்கு விசாக் கடுதாசி தரும் பொலிஸ் கந்தோரிலும், அதே கதைதான். வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்று யன்னலடிக்குப் போன பிறகுதான் படம் கொண்டுவர மறந்தது தெரிந்தது. உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். கூட வந்த சின்யோரா தன் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நான்தான் இவருக்கு ஞாபகப்படுத்த மறந்திட்டன், வயசு போட்டுது" என்று சொல்ல, அந்தப் பொலிஸ்காரர் கதிரை எடுத்துப் போட்டுச் சின்யோராவை இருத்தினார். நான் பக்கத்துக் கடைக்கு ஓடிப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பெர்மெஸ்ஸோவுக்கு, அந்த விசாக் கடுதாசிக்கு, எடுத்த படத்தில் சிரித்த தமிழன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பலெர்மோவின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். அதில் மூத்தவர் மன்னார் அண்ணை. கோயில் கலண்டரில் விரதநாள் பார்க்காமல் கோழிக்கறி வைக்காத கத்தோலிக்கர். "தம்பி, உனக்கு வாய்ச்சது சின்யோரா இல்லையடா, பாவம் சுமக்கிற செம்மறி" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

சின்யோராவின் வீட்டில் யன்னல்கள் பூட்டப்படுவதில்லை. தை மாசக் குளிரிலும் திறந்திருக்கும். வெக்கைக் காற்று ஆபிரிக்காவிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும் நாளிலும் திறந்திருக்கும். நான் துடைக்கத் துடைக்கத் தூசி வரும். ஏன் என்று கேட்டபோதுதான் முதல்முறை அந்த மலையைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, கலியாணம் கட்டிய கையோடு, புருசனும் அவரும் வெனிசுவேலாவுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம். அதன் முதுகில் மலை, மலையில் எந்த நேரமும் மேகம். "மேகம் யன்னலாலை உள்ளுக்கு வந்து மேசையிலை இருக்கும். அதோடை பதினொரு வருசம் இருந்திட்டன். பூட்டின யன்னலைக் கண்டால் எனக்கு மூச்சு முட்டுது" என்றார். பிறகு, தூசிக்காகக் கொல்பா மியா என்றும் சொன்னார்.

குசினிச் சுவரில் அவரே கலர்ப் பென்சிலால் கீறிய ஒரு பறவைப் படம் தொங்கியது. கொலிப்ரி. பூவுக்கு முன்னால் காற்றில் ஒரே இடத்தில் நின்றபடி சொண்டை விட்டுத் தேன் குடிக்குமே, அந்தச் சின்னப் பறவை. தமிழில் ரீங்காரச்சிட்டு என்று பிறகு அறிந்தேன். படத்தில் இருந்ததற்கு வால் உடம்பைவிட நீளம், கத்தரிக்கோலை விரித்த மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. நெஞ்சு பச்சை, உச்சந்தலை ஊதா. மரங்களின் மேலே அன்னாசிச் செடி போல ஒன்று ஒட்டி வளருமாம், அதன் பூவில் குடிக்குமாம். காடு இருட்டாக, ஈரமாக இருக்க வேண்டுமாம். "அந்த மலையை விட்டால் உலகத்திலை வேறை எங்கையும் இல்லை. கீழை இறங்கி வராது. காட்டை வெட்டினால் அதுக்குப் போக இடமில்லை" என்றார். எங்களுக்காவது பலெர்மோ இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் அந்தப் பறவையைப் பற்றி எனக்கு அக்கறை வரவில்லை. என் மனுசி கொழும்பில் ஒரு லொட்ஜில், சோதனைக்கு வரும் பொலிசுக்குப் பயந்தபடி, என் கடுதாசிக்காகக் காத்திருந்தாள். பறவைக்கு எங்கே நேரம்?

அந்த வீட்டில் ஒரு அறையை மட்டும் நான் துப்புரவாக்குவதில்லை. செத்துப்போன புருசனின் அறை. "அதை நான் பாக்கிறன், நீ விடு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்ததுண்டு. மேசை, புத்தகம், திறந்த யன்னல். மேல்மூலைகளில் எல்லாம் ஒட்டறை.

ஒரு தைப்பொங்கலுக்கு முதல் நாள். ஊரில் என்றால் அன்றைக்கு வீடு முழுக்க ஒட்டறை அடித்து, கழுவித் துடைத்து, பழையதை எல்லாம் வெளியே எறிய வேண்டும். எனக்கோ வீடில்லை. ஆறு பேர் படுக்கும் அறையில் நான் எந்தச் சுவரை அடிக்கிறது? சின்யோரா பக்கத்து வீட்டுக்காரியோடு கண் டொக்டரிடம் போயிருந்தார். எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. தலையில் துவாயைக் கட்டி, தும்புத்தடியை இன்னொரு தடியோடு சேர்த்துக் கட்டி, சாமியறை, குசினி என்று ஊர் ஒழுங்கிலேயே தொடங்கினேன். சாமியறை என்று நான் சொல்வது மாதாவின் படம் இருந்த மூலையை. எல்லாம் முடிந்தும் கை நிற்கவில்லை. பாவம் கிழவி, கதிரையில் ஏறி எப்படி அடிக்கும், வந்து பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று அந்த அறைக்குள்ளும் போனேன்.

யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு காய்ந்த கொப்பு. கொப்பின் கவட்டில் பாதித் தேசிக்காய் அளவில் சாம்பல் நிறமாக ஏதோ. பாசி, பஞ்சு, சுற்றிவரச் சிலந்தி நூல். இத்தனை வருட ஒட்டறை திரண்டு கட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். தும்புத்தடியால் ஒரு தட்டு. அது உதிர்ந்தது. கொப்பையும் முறித்து, எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, பையில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தை மூலையில் இருந்த தொட்டியில், மீன் தலைகளுக்கும் கோவா இலைகளுக்கும் மேல் எறிந்தேன். எங்கள் ஊரில் தேன்சிட்டும் அப்படித்தான் சிலந்தி நூலால் கூடு கட்டும். கொடிக்கயிற்றில் அது கட்டினால் குஞ்சு பறக்கும்வரை அந்தக் கயிற்றில் துணி போடமாட்டோம். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை அறையில் புக்கை பொங்கி, ஒரு கிண்ணத்தில் சின்யோராவுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவர் வந்ததும் படுத்துவிட்டார், எதையும் பார்க்கவில்லை. நான் போனபோது அந்த அறையில், வெறும் ஆணிக்கு நேரே, முகத்தை மிகக் கிட்டக் கொண்டுபோய் நின்றார்.

"என்ன தேடுறீங்கள், சின்யோரா?"

"கூடு. கொலிப்ரியின்ர கூடு. இதிலைதான் இருந்தது."

கையில் புக்கைக் கிண்ணம் இன்னும் சூடாக இருந்தது. அடுத்த கிழமை அவர் எனக்கு ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட வேண்டும். இவர் என்னிடம் வேலை செய்கிறார், நம்பிக்கையானவர் என்று. அது இருந்தால்தான் மனுசியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். அறைக்குள் போகாதே என்று சொன்னவரின் அறைக்குள் போனேன் என்று எந்த வாயால் சொல்வது?

அவர் என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். திறந்திருந்த யன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ராத்திரிக் காத்து. யன்னலை நான்தானே திறந்து வைச்சிட்டுப் படுத்தனான்? நீ வந்தபோது திறந்துதானே கிடந்தது?"

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு சொல்லும் சொல்லவில்லை, முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைக்க ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. "கொல்பா மியா" என்றார் அவர். அந்த முறை அது வழக்கமான குரலில் வரவில்லை.

புக்கையை மேசையில் வைத்துவிட்டு அவர் முற்றத்துக்கு இறங்கினார். நாலு மாடி. நானும் பின்னால் போனேன். கற்களுக்கிடையில், பூச்சாடிகளுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானுக்குள் என்று முழங்காலில் இருந்து தேடினார். தேடிக்கொண்டே சொன்னார். மலையில் காப்பித் தோட்டம் போடக் காடு வெட்டினார்களாம். புருசன் கீழ்ச்சரிவோடு நிறுத்துவோம் என்றாராம், இன்னும் கொஞ்சம் மேலே போகலாம் என்று கேட்டது இவராம். மரம் விழுந்த பிறகு, அது நின்ற இடத்தில், வெறும் காற்றில், ஒரு பெட்டைக் கொலிப்ரி வந்து நின்றதாம். "கூடு இருந்த உயரத்திலை, அதே இடத்திலை நிண்டு சுத்திச் சுத்திப் பாத்தது. போகும், திரும்ப வரும். இரண்டு நாள். மரம் இல்லையெண்டு அதுக்கு விளங்கேல்லை." விழுந்த கொப்புகளுக்குள் கூட்டை எடுத்தது இவர்தான். உள்ளே முட்டை உடைந்திருந்ததாம். அந்தக் காப்பிதான் பிறகு இந்த வீடாக வந்தது. "செய்ததை மறக்கக் கூடாதெண்டு ஆணியிலை மாட்டி வைச்சனான்" என்றார்.

நான் தேடினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நடிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. கானுக்குள் கைவிட்டு ஒரு பிடி பாசியை எடுத்து, "இதுவோ, சின்யோரா?" என்று கூடக் கேட்டேன். அவர் அதை வாங்கி, மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, "இல்லை. ஆனால் நன்றி, உனக்கு உடுப்பெல்லாம் ஊத்தையாப் போச்சு, கொல்பா மியா" என்றார்.

வேலை முடிந்ததும் சந்தை மூலைக்கு ஓடினேன். எந்த நாளும் மலையாகக் குவிந்து கிடக்கும் தொட்டி, அன்றைக்கென்று வெறுமையாகக் கிடந்தது.

மன்னார் அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "தம்பி, வாயைத் திறக்காதை. முதல் கடுதாசி கைக்கு வரட்டும். பாவசங்கீர்த்தனத்தைப் பிறகும் செய்யலாம், அது எங்கையும் ஓடாது" என்றார். அவர் சொன்னபடியால்தான் சொல்லாமல் விட்டேன் என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே கதைவிட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

மூன்று நாள் தேடிய பிறகு சின்யோரா என்னைக் கூப்பிட்டு, ஒரு டப்பாவிலிருந்து ஆணிகளைத் தந்தார். "அந்த யன்னலை அடைச்சுவிடு. நான் திரும்பவும் மறந்து திறந்துபோடுவன். எனக்கு என்னிலை நம்பிக்கை இல்லை." நான்தான் அடித்தேன். நாலு ஆணி. ஒவ்வொரு அடிக்கும் அவர் கண்ணைச் சிமிட்டினார். மற்ற யன்னல்களையும் அவராகவே ஒவ்வொன்றாகப் பூட்டினார். வீட்டில் தூசி நின்றுவிட்டது. எனக்கு வேலை குறைந்தது. அடுத்த கிழமை என் கடுதாசியில் கையெழுத்துப் போட்டார், நம்பிக்கையானவர் என்ற இடத்தில் மிகவும் என்று தன் கையால் ஒரு சொல்லைச் சேர்த்து.

பிறகு ஒன்றரை வருடம். அவர் அடிக்கடி அந்த அறைக்குள் போய், ஆணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார், திரும்பி வருவார். மறுபடி போவார். அவர் சொன்ன பறவை அப்படித்தான் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றும். நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன். மூடிய வீட்டில் அவருக்கு இருமல் பிடித்தது. கொல்பா மியா என்பதும் குறைந்துபோயிற்று. பஸ் பிந்தினால் பேசாமல் நின்றார். அந்தச் சொல்லைக் கேட்க நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

என் மனுசி வந்து இறங்கி இரண்டாம் நாள் அவளைச் சின்யோராவிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்யோரா அவளைக் கட்டிப் பிடித்தார், காப்பி போட்டார், பாதாம் இனிப்பு வைத்தார். இவளுக்கு ஒரு சொல் இத்தாலியன் தெரியாது. சிரித்துச் சிரித்து இருந்துவிட்டு, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு மெதுவாக என்னிடம் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, ஏன் இந்த வீடு இப்பிடிப் புழுங்குது? ஒரு யன்னலைத் திறந்துவிட்டால் என்ன?"

கடுதாசி வந்துவிட்டது, மனுசி வந்துவிட்டாள், இனி இழக்க எதுவும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை. இத்தாலியனில், ஒரே மூச்சில் சொன்னேன். "சின்யோரா, காத்து இல்லை. நான்தான். நீங்கள் கண் டொக்டரிட்டப் போன நேரம் அந்த அறைக்குள்ளை போனனான். ஒட்டறை எண்டு நினைச்சு நான்தான் அடிச்சு எறிஞ்சனான். என்ர பிழை."

சின்யோரா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கண் கலங்கியது. பிறகு சிரித்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"இந்தக் கெட்ட பழக்கத்தை என்னட்டை இருந்துதான் பழகியிருக்கிறாய்" என்றார்.

"இல்லை, சின்யோரா. உண்மையாத்தான்."

"அண்டைக்கு யன்னல் திறந்து கிடந்ததெண்டு நீதான் சொன்னாய். மூண்டு நாள் என்னோடை கானுக்குள்ளை கை விட்டுத் தேடினாய். எறிஞ்சவன் தேடுவானோ?"

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சந்தை மூலை, தொட்டி, கோவா இலை, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் கனிந்துகொண்டே போனது. என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும். இந்தக் கிழவியின்ர பாரத்தைத் தூக்கவெண்டு இவ்வளவு யோசிச்சு வைச்சிருக்கிறாய். இனியும் நான் பூட்டின வீட்டுக்குள்ளை இருந்தால் உனக்குச் செய்யிற மரியாதை இல்லை. குறடு மேசை லாச்சியிலை இருக்கு, எடு."

அடித்த நாலு ஆணியையும் நானே பிடுங்கினேன். யன்னல் இறுகிக் கிடந்தது, தோளால் தள்ளித் திறந்தேன். சந்தை இரைச்சலும் கடல் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. சின்யோரா வெறும் ஆணிக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பிறகு என் மனுசியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைக் காட்டிக் காட்டி என்னவெல்லாமோ சொன்னார். உன் புருசன் நல்லவன். அடுத்தவரின் பிழையைத் தன் தலையில் போடுகிறவன். இப்படி ஒருவனை நான் கண்டதில்லை.

"இதை அவளுக்குச் சொல்லு" என்றார் என்னிடம்.

மனுசி ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்லுறா? ஏன் அழுறா?"

உண்மையைச் சொல்ல எனக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. அது தமிழில் இருந்தது, சின்யோராவுக்கு விளங்கியும் இராது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நான் நல்லவனாம்" என்றேன்.